செருப்பைக் கழற்றச் சொன்ன காடு

அத்தியாயம் ஐந்து

"மேடம், துப்பறியற வேலைக்குக் கண்ணு வேணும், மூளை வேணும்னுதானே சொன்னீங்க? காலும் வேணும்னு சொல்லவே இல்லையே!"

ஸ்ரீதர் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளைத் தேடினான். ஹேமாவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரும் வெறுங்காலோடுதான் ஏறிக்கொண்டிருந்தார். அரக்கோணம் ரயில் நிலையத்து விசாரணைக் கவுன்ட்டரில் பாதி ஆயுள் உட்கார்ந்து, ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போய், இனி நாம் கேட்போம் என்று வேலையை விட்டுத் துப்பறிய வந்தவர். முள்ளுக்கு முகம் சுளிக்கிற ரகம் இல்லை.

ஸ்ரீதர் அந்த ரகம்தான். ரயில்வே பரீட்சையில் தோற்றுத் தோற்று வயதாகிப்போனதால் ஹேமாவதியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்திருந்தான்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற வழியில், பஸ் நிற்காத ஒரு திருப்பத்தில் இருக்கிறது குருவிக்கல் மலை. மலை என்பது மரியாதைக்கு. முள்ளும் பாறையும் காட்டு மரமுமாக ஒரு பெரிய குன்று, அவ்வளவுதான். போன மாதம் ஒரு விடிகாலையில் அதன் அடிவாரத்து மரங்களெல்லாம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நின்றன. முன்னால் வெட்டவெளியில் ஒரு வேல் நட்டிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் நாகேந்திரன் கனவில் முருகன் வந்து, இது என் காடு, செருப்போடு வராதே, கத்தியோடு வராதே என்று இரண்டே இரண்டு கட்டளை போட்டாராம். திருத்தணி வட்டாரத்தில் முருகன் சொன்னார் என்றால் அதற்கு மறுபேச்சு ஏது? ஊர் செருப்பைக் கழற்றியது. கழற்றிய பிறகு முள்ளுக்குப் பயந்து உள்ளே போவதையே விட்டுவிட்டது.

இதில் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் மோனிஷா. காட்டைக் காப்பாற்றவென்றே சென்னையிலிருந்து வந்து ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற பெண். சட்டம் செய்யாததைச் சாமி செய்துவிட்டார் என்று சொல்லி, சாமிக்காட்டுப் பாதுகாப்புக் குழு ஒன்றை ஆரம்பித்து, நாகேந்திரனையே அதற்குத் தலைவராகவும் ஆக்கினாள்.

சந்தோஷப்படாதவன் ஆடு மேய்க்கிற கண்ணையன். காணாமல் போன ஆட்டைத் தேடி நேற்று அவன் செருப்போடும் கொடுவாளோடும் உள்ளே நுழைந்தான். நாகேந்திரன் அதைப் பார்த்துவிட்டு வனவருக்குப் போன் போட்டார். வனவர் வந்து பார்த்தால் பின்பக்கச் சரிவில் மரங்கள் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன, நடுவில் கையில் கொடுவாளோடு கண்ணையன் நிற்கிறான். வேறென்ன சாட்சி வேண்டும்? இன்று சாயங்காலம் திருத்தணியில் மேஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால் அப்புறம் ஜெயில், வக்கீல், ஜாமீன். ஆடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போகும்.

அவன் மனைவி எல்லம்மாள் காலையில் அரக்கோணத்துக்கு வந்து ஹேமாவதியின் வாசலில் நின்றாள். அழவில்லை. "அவரு வெட்டலீங்க. யாரு வெட்னாங்கன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபுடிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். அடிவாரத்துக்கு வந்ததும் இவர்கள் இருவர் செருப்பையும் கழற்ற வைத்தவளும் அவளே.

பின்பக்கச் சரிவு வந்தது. ஹேமாவதி வெட்டுப்பட்ட மரங்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார்.

"ஸ்ரீ, திருடன்னா இன்னா பண்ணுவான்?"

"திருடுவான். இது கேள்வியா மேடம், இல்ல எனக்கு மறுபடியும் பரீட்சையா?"

"இங்க திருடவே இல்லையேப்பா. வெட்டின மரம் வெட்டின இடத்துலயே கெடக்குது. வெறகுக்கு வெட்றவன் எடுத்துகினு போவமாட்டானா?"

"எடுத்துட்டுப் போறதுக்குள்ள மாட்டிகினான்னு வனவர் சொல்றாரே."

"சரி, இதப் பாரு." ஹேமாவதி ஒரு கிளையை உலுக்கினார். காய்ந்த இலைகள் கலகலவென்று கொட்டின. "வெட்டி நாளாச்சு. எலையெல்லாம் கெளையிலயே காஞ்சு கெடக்குது. ஆடு வெச்சிருக்கிறவன் மரத்த வெட்டினா மொதல்ல எது காணாம போவும்?"

ஸ்ரீதருக்குச் சட்டென்று உறைத்தது. ஆட்டுக்காரன் வெட்டிய மரத்தில் ஒரு இலை மிஞ்சாது. வெட்டும்போதே ஆடுகள் வந்து நின்றிருக்கும். கண்ணையன் வெட்டவில்லை. ஆனால் வனவரிடம் போய் இலையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் ஹேமாவதி. அடிக்கட்டைகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிவட்டம் இருந்தது. ஸ்ரீதர் குனிந்து முகர்ந்து பார்த்தான். கோயில் வாசனை அடித்தது.

"கற்பூரம்!"

"ஆங். வெட்டிட்டு மரத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கான்."

"அப்போ நம்ம ஆளு பக்திமான். திருத்தணியில போயி பக்திமானத் தேடணுமா? நல்ல கேஸு மேடம்."

இறங்கி வருவதற்குள் அவன் காலில் ரத்தம் கசிந்தது. அடிவாரத்தில் ஆடுகளோடு காத்திருந்த எல்லம்மாள் அவனை உட்கார வைத்து, வேலியோரம் நின்ற எருக்கஞ்செடியை ஒடித்து, முள் தைத்த இடங்களிலெல்லாம் பாலை வைத்தாள். "தானா வெளிய வந்துரும். கறை மட்டும் நாலு நாளு போவாது" என்றாள். பால் காய்ந்து உள்ளங்காலில் கறுப்புத் திட்டுகளாக ஒட்டிக்கொண்டது. ஸ்ரீதர் கட்டுப்போட ஏதாவது கிடைக்குமா என்று தேடி, பக்கத்து மரத்திலிருந்து மஞ்சள் துணி ஒன்றை அவிழ்த்தான்.

"ஐயையோ, சாமி துணிங்க!" என்று கத்தினாள் எல்லம்மாள்.

ஹேமாவதி அதைப் பிடுங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மஞ்சளுக்கு அடியில் மங்கலாகக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது.

"சாமிக்குக் கட்டறதுக்குக் கடையில விக்கிற மஞ்சத் துணியில கட்டம் இருக்குமா?"

"இருக்காது. இது லுங்கி மேடம்! லுங்கித் துணிக்கு மேல மஞ்ச சாயம் போட்டிருக்காங்க."

லுங்கி என்றால் பொதட்டூர்பேட்டை. அங்கே தறி வைத்திருக்கிற அக்கா புருஷனுக்கு ஸ்ரீதர் போன் போட்டான். "பாவா, லுங்கி மேல மஞ்ச சாயம் போட்டுத் தர்றது யாரு?" பாவா யோசிக்கவே இல்லை. நெய்ததில் பிசகிப்போன துணியை வாங்கி மறுசாயம் போடுகிறவர் ஒருவர்தான், கஜபதி என்றார். அவர் சாயப்பட்டறைக்கு வழியும் சொன்னார்.

ஸ்கூட்டர் பறந்தது. ஹேமாவதி பின்னால் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பதற்றப்படுவதை ஸ்ரீதர் இன்றுதான் பார்க்கிறான். அது அவனையும் தொற்றிக்கொண்டது.

கஜபதியின் பட்டறையில் கொப்பரைகள் கொதித்தன. வீட்டுக்கு வீடு ஓடுகிற தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது.

"மேடம், வெறகு! கேஸு முடிஞ்சுது. சாப்புடப் போலாமா?" என்றான் ஸ்ரீதர் காதோரம்.

கஜபதிக்கு அது கேட்டுவிட்டது. "நல்லாப் பாருங்க தம்பி. அத்தினியும் சீமைக்கருவேலம். பட்டா நெலத்துல வெலைக்கு வாங்கினது. நான் எதுக்கு ஒளிக்கணும்? அந்த மலையத் தொறந்து விடுங்கன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்திகினுதான் இருக்கேன். அங்க மரம் பட்டுப்போயி சும்மா நிக்குது, இங்க என் அடுப்பு அணையுது. சாயம் நின்னா இந்தத் தெருவுல ஒரு தறி ஓடாது, தெரியுமா?"

ஹேமாவதி துணியை நீட்டினார். "இது உங்க கைவேலைதானே?"

"ஆங், நான் போட்டதுதான். ஒரு பொண்ணு வந்து ஒரு மூட்டை வாங்கினு போச்சு. மரக்கன்னு வெக்கிறோம், அடையாளத்துக்குக் கட்டணும்னு சொல்லிச்சு."

"எந்தப் பொண்ணு?"

"மெட்ராஸ் பொண்ணுங்க. காடு காடுன்னு சொல்லிகினு திரியுமே, மோனிஷா."

ஸ்ரீதர் ஹேமாவதியைப் பார்த்தான். சாமி வந்த காட்டுக்குச் சேலை எடுத்துக் கொடுத்ததே அந்தப் பெண்தானா! அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. கிளம்பும்போது ஹேமாவதி வனவருக்குப் போன் செய்தார்.

"சார், கோர்ட்டுக்குப் போற வழியில குருவிக்கல்லுல ஒரு நிமிஷம் ஜீப்ப நிறுத்துவீங்களா? ஆமா, கண்ணையனோடதான். காரணத்த நேர்ல சொல்றேன்."

"காரணம் இருக்கா மேடம்?" என்றான் ஸ்ரீதர்.

"போற வழியில கண்டுபுடிச்சுடலாம், ஓட்டு."

மோனிஷா குழுவின் பேனருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹேமாவதி மஞ்சள் துணியை அவள் மடியில் போட்டார். அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் ஆடுகளோடு நின்ற எல்லம்மாளைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஆமா, நான்தான் கட்டினேன். மூணு வருஷமா எழுதாத மனு இல்ல மேடம். ஒரு பக்கம் வெறகு, ஒரு பக்கம் ஆடு, எல்லாரும் சேர்ந்து இந்தக் காட்டைத் தின்னுட்டிருந்தாங்க. இங்க நட்சத்திர ஆமை இருக்கு. இது போச்சுன்னா அதுக்கு வேற போக்கிடம் இல்ல. நாகேந்திரன் சார்கிட்ட அழுதேன். ஊர்ல அவர் சொன்னா கேப்பாங்க. அவர்தான் கனவு கண்டதா சொல்றேன்னார்."

"மரத்த வெட்டினது?"

"சத்தியமா தெரியாது."

"கண்ணையன் வெட்டலன்னாவது தெரியுமா?"

மோனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "காய்ஞ்ச இலையைப் பார்த்தேன். சந்தேகம் வந்துச்சு. ஆனா வாயைத் திறந்தா எல்லாம் வெளிய வந்துடும் மேடம். சாமி பொய்னு தெரிஞ்சா நாளைக்கே கஜபதியோட டிராக்டர் உள்ள நிக்கும்."

"ஆமைக்குப் போக்கிடம் இல்லன்னு பதறுற. ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போறான், அது பரவால்லியா உனக்கு?" என்றான் ஸ்ரீதர். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. எப்போதும் கைகொடுக்கிற கிண்டல் இப்போது வரவில்லை.

எல்லம்மாள் நகரவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து நாகேந்திரன் தன் வேர்க்கடலை நிலத்து வரப்பு வழியாக வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. "இன்னாம்மா கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே காட்டு எல்லைக்கென்று கிழித்திருந்த கோட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு வேலை நோக்கி நடந்தார். இரண்டு அடி வைத்ததும் பாதத்தின் ஓரத்தை ஊன்றித் தாங்கித் தாங்கி நடப்பது தெரிந்தது. வேல் முன்னால் விழுந்து கும்பிட்டார்.

விழுந்து கும்பிடுகிறவரின் உள்ளங்கால் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். ஸ்ரீதர் பின்னால் நின்றான். இரண்டு பாதத்திலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. தன் காலைத் திருப்பிப் பார்த்தான், அதே கறுப்பு. மறுபடி அவர் காலைப் பார்த்தான்.

"மேடம்" என்றான் மெதுவாக. "எருக்கம்பாலு."

ஹேமாவதிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வேல் இருக்கிற எடம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்குதுங்களே, அய்யா. உங்களுக்கு எங்க இத்தன முள்ளு தைச்சுது?"

"வயக்காட்டுல..."

"வேர்க்கடல முள்ளு உடுமா? பின்பக்கச் சரிவுக்குத் தெனமும் நீங்க தனியாத்தானே போறீங்க? யாரு பாக்கப் போறாங்க, செருப்பப் போட்டுகினு போயிருக்கலாமே."

"சாமி எடத்துல எப்பிடிங்க செருப்போட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

ஸ்ரீதருக்குக் கூட அந்த மனிதரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"கனவே வரலன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றார் ஹேமாவதி. "அப்புறமும் செருப்பக் கழட்டினீங்க. ஒவ்வொரு மரத்துக்கும் கற்பூரம் வேற ஏத்தினீங்க."

நாகேந்திரன் அப்படியே வேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "கனவு பொய்யிங்க. ஆனா நட்டது வேலாச்சே! நான் பொய்யா நட்டாலும் அது தணிகை முருகனுதுதானே? நைட்டெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லீங்க."

"அப்படியிருந்தும் ஏன் வெட்டினீங்க?"

"பன்னிங்க." அவர் குரல் உடைந்தது. "அந்தச் சரிவுலதான் காட்டுப்பன்னி படுக்குது. ராத்திரி எறங்கி வந்து கடலைய உழுதுட்டுப் போவுது. மூணு போகம் போச்சுங்க. சுட்டா கேஸு. நஷ்டஈடு கேட்டா நாளைக்கு வா. இந்தப் பொண்ணு காட்டக் காப்பாத்துன்னு சொல்லுது. காட்டக் காப்பாத்தினா பன்னிக்குச் சோறு போடறது யாரு, நான்தானே? யாரும் உள்ள வராம போனா, படுக்கிற எடத்தையாவது நானே அழிச்சிரலாம்னு பாத்தேன். கண்ணையன் ஆட்டத் தேடி அங்க வந்துட்டான். வெட்டிக் கெடக்கிறதப் பாத்துட்டான். எனக்கு வேற வழி தெரியல."

"அதுக்கு அவரப் புடிச்சுக் குடுத்துட்டீங்களே, நைனா" என்றாள் எல்லம்மாள். அப்பாவைக் கூப்பிடுகிற வார்த்தை அது. எந்த வசவையும் விட அது அவரைக் குத்தியது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ரோட்டில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது. மோனிஷா எழுந்து ஹேமாவதியின் கையைப் பிடித்தாள்.

"மேடம், வெட்டினது யாருன்னு சொல்லுங்க, சொல்லத்தான் வேணும். துணியைப் பத்தி மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேக்குறேன்."

"ஏன் வேண்டாம்? எல்லாத்தையும் போட்டு உடைக்கணும்" என்றான் ஸ்ரீதர்.

"எனக்கு வேலை குடுத்தது எல்லம்மா" என்றார் ஹேமாவதி. "அவங்க சொல்லட்டும். இன்னாம்மா பண்ணலாம்?"

எல்லம்மாள் நட்டிருந்த வேலைப் பார்த்தாள். மரங்களில் ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் துணிகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை போதும். ஒரே வார்த்தையில் சாமியும் போகும், செருப்புத் தடையும் போகும். காடு பழையபடி அவளுக்குத் திறந்துவிடும். கஜபதிக்கும் திறந்துவிடும். அதையும் அவள் யோசித்திருக்க வேண்டும்.

"எனக்கு எம் புருஷன் வந்தாப் போதும்" என்றாள். "சாமி இருக்கட்டும்."

ஜீப் நின்றது. யாரும் சொல்வதற்கு முன்பே நாகேந்திரன் எழுந்து போய் வனவர் முன்னால் நின்றார். "நான்தாங்க வெட்டினது. கோடாலி என் பம்புசெட்டுல இருக்குது. அந்தப் பையன விட்டுடுங்க" என்றார். வனவர் நம்பாமல் ஹேமாவதியைப் பார்த்தார். ஹேமாவதி இலையையும் கற்பூரக் கரியையும் பற்றிச் சொன்னார். துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோடாலி வந்தது. கண்ணையன் இறங்கினான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் நாகேந்திரன் ஏறி உட்கார்ந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். ஸ்ரீதர்தான் எடுத்துக்கொண்டு போய் ஜீப்புக்குள் வைத்தான்.

ஜீப் போனதும் மோனிஷா நீளமாக மூச்சு விட்டாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க இந்தக் காட்டையே காப்பாத்திட்டீங்க."

எல்லம்மாள் அவளைத் தாண்டிப் போனாள். கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டாள். புருஷன் காலைப் பார்த்தாள்; அவனும் கழற்றினான். ஆடுகளுக்குத் தழை பறிக்கத் தான் வைத்திருந்த தொரட்டுக்கோலின் நுனியில் கட்டியிருந்த கத்தியை அவிழ்த்து ஸ்ரீதரிடம் கொடுத்தாள். வெறும் கோலை ஓங்கி, "ட்ரியோ" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஆடுகள் மொத்தமும் காட்டுக்குள் திரும்பின.

"அக்கா! என்ன பண்றீங்க? உள்ள போகக் கூடாதுக்கா!" என்று ஓடிவந்தாள் மோனிஷா.

"யாரு சொன்னது?"

"சாமி..."

"சாமி சொன்னது ரெண்டுதான். செருப்பு ஆவாது, கத்தி ஆவாது." எல்லம்மாள் நிதானமாகக் கையை நீட்டி ஆடுகளைக் காட்டினாள். "இதுல எது செருப்பு போட்டுகினு போவுது, சொல்லு பாப்பா."

மோனிஷா வாயைத் திறந்தாள். ஆடும் வரக்கூடாதென்றுதான் அந்தக் கனவையே கட்டினோம் என்று அவள் சொல்ல நினைத்தது ஸ்ரீதருக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் அப்புறம் சாமி இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆடு காட்டைத் தின்கிறது என்று அவள் சொன்னது பொய்யில்லையே.

"மேடம், இப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"கண்ணையன் வீட்டுக்குப் போறான். அது வரைக்கும்தான் நம்ம வேலை." ஹேமாவதி சொன்னாரே தவிர, ஸ்கூட்டர் பக்கம் நகரவில்லை. காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே முதல் முள் தைத்திருக்க வேண்டும். எல்லம்மாள் ஒரு கணம் நின்று, காலை உதறிவிட்டு, மேலே நடந்தாள். கடைசியாகப் போன ஒரு கிடா மட்டும் பின்தங்கி, பின்னங்கால்களில் எழுந்து நின்று, வேலுக்கு நேர் எதிரே இருந்த மரத்தின் மஞ்சள் துணியைக் கடித்து இழுத்துச் சாவதானமாக மெல்ல ஆரம்பித்தது. அதை விரட்ட யாரும் கையைத் தூக்கவில்லை.